இரண்டு கழிப்பறை கட்டிய அதிகாரி

அந்த அதிகாரியைப் போல மரியாதை தெரிந்த மனிதரை நான் பார்த்ததில்லை. நெற்றியில் திருநீறு, இஸ்திரி கலையாத வெள்ளைச் சட்டை. வாசலில் படுத்திருக்கும் நாயிடம்கூட, "கொஞ்சம் தள்ளிப் படுங்க" என்பார் போலிருந்தது.

ஆர்.எஸ்.புரத்தில் அவர் மேற்பார்வையில் எழுந்த புது அலுவலகத்தில், பெண்கள் நலத் திட்டங்களுக்குக் கருத்துக் கேட்கும் கூட்டம். சக்கர நாற்காலியில் நானும் போயிருந்தேன். அவரே கூட வந்து கட்டடத்தைச் சுற்றிக் காட்டினார். பெண்கள் கழிப்பறை மாடியில், லிஃப்ட் கிடையாது. மாற்றுத்திறனாளிகள் கழிப்பறை கீழே, ஆண்கள் கழிப்பறைக்குள் கடைசியில். சுவரைப் பார்த்து வரிசையாக நிற்கும் ஆண்களைத் தாண்டித்தான் அதற்குப் போக வேண்டும்.

"ஏனுங்க, நான் எங்கேங்க போறது?" என்று கேட்டேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எந்தக் கேள்வி கேட்டாலும் துடைப்பார் போல. அது ஏற்கெனவே பளபளவென்றுதான் இருந்தது.

"பொம்பளைங்களுக்கு ஒரு திட்டம், மாற்றுத்திறனாளிக்கு ஒரு திட்டம்னு ரெண்டு கட்டிப்போட்டமுங்க அம்மணி. மத்தவங்களுக்கு ஒண்ணுதானுங்க. உங்களுக்கு ரெண்டுமே இருக்குதுங்களே."

அவர் கேலி செய்யவில்லை. மனதார நம்பித்தான் சொன்னார். அதுதான் எனக்கு இன்னும் விளங்கவில்லை. பிறகு மேடையேறி, யாரையும் விட்டுவிடாத வளர்ச்சி பற்றி நெடுநேரம் பேசினார்.

கூட்டம் முடிந்ததும் அவரே காப்பி கொண்டுவந்து நீட்டினார். "குடிச்சுப்போட்டுப் போங்க அம்மணி."

காலையிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்காமல் உட்கார்ந்திருந்த நான், அந்தத் தம்ளரை அப்படியே வைத்துவிட்டு வந்தேன்.