ராகிமனே நாகம்மா

நாகம்மாவுக்குப் போகிற இடமெல்லாம் அண்ணன் தம்பி. எனக்கு அதுதான் தாங்காது.

சிப்காட்டில் வண்டிகளுக்கு ஒயர் கட்டும் கம்பெனியில் எங்கள் இருவருக்கும் ஒரே மேசை. நான் ஒயர்க் கட்டைப் பிடிப்பேன், அவள் டேப் சுற்றுவாள். அவளுக்குத் தளியைத் தாண்டி ஒரு ஊர். வீட்டில் கன்னடம், கம்பெனியில் தமிழ், சண்டை வந்தால் தெலுங்கு. அப்பா இல்லை. தங்கை பிரவீனாவைக் கட்டிக்கொடுத்தது இவள் சம்பளத்தில்தான். காலையில் கோஸ் தோட்டத்துக்குத் தண்ணீர் கட்டிவிட்டுத்தான் பஸ் ஏறுவாள். செருப்பில் செம்மண் காயாமல் இருக்கும். நான் வீரா, அருப்புக்கோட்டை. எட்டாவதோடு நின்றவள். நாலு பேர் இருக்கிற இடத்தில் எனக்கு வாய் வராது, கண்தான் வேலை செய்யும்.

புதிதாக யார் வந்தாலும் நாகம்மா முதலில் கேட்பது, "நீங்க எந்த மனே?" என்றுதான். மனே என்றால் வீடு. ஊரை விட்டு எங்கே போனாலும் அந்த வீட்டுப் பெயர் அவர்களோடு போகும். அவளுடையது ராகிமனே. அடையாள அட்டையிலும் 'நாகம்மா ராகிமனே' என்றே இருக்கும். என் அட்டையில் அப்பா பெயரின் முதல் எழுத்து. ஒற்றை எழுத்தை வைத்துக்கொண்டு யாரிடம் போய் உறவு கேட்பது?

கேட்டில் நிற்கிற செக்யூரிட்டி ராகிமனே. அவளைத் தங்கச்சி என்பான், என் பையை மட்டும் கொட்டிப் பார்ப்பான். பஸ் ஸ்டாண்டு பூக்காரி ராகிமனே. நாகம்மா ஒரு முழம் கேட்டால் ஒன்றரை முழம். எனக்கு ஒரு முழம்தான், அதுவும் பூக்காரியின் குட்டைக் கை முழம்.

அந்தப் பெயர் எப்படி வந்தது என்று ஒருநாள் கேண்டீனில் கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம். கதை நன்றாக இருந்தது.

"எங்க முப்பாட்டன் காலத்துல ராகிய மண்ணுக்குள்ள குழி வெட்டிதான் கொட்டி வெப்பாங்க. சுத்தி வைக்கோல், மேல கல்லு, அதுக்கு மேல மண்ணு. வருசக்கணக்குல கெடாது. ஒருக்கா மழையே இல்லாம போச்சாம். மத்தவங்க குழிய மூடிக்கினு உக்காந்தாங்க. எங்காளு தொறந்து உட்டுட்டாரு. வந்தவங்க எல்லாம் துன்னாங்க. போக்கிடம் இல்லாதவங்க அங்கியே தங்கிட்டாங்க. அவங்களும் ராகிமனேதான்."

"ரத்த சம்பந்தம் இல்லாமயா?"

"ஒரு குழி ராகிய துன்னுட்டு யாரு ரத்தம் கேக்கறது? துன்னா கூடப்பொறந்தவங்கதான். அதான் ராகிமனேக்குள்ள பொண்ணு குடுக்கறதில்ல, எடுக்கறதில்ல."

சொல்லிக்கொண்டே களியில் ஒரு துண்டு கிள்ளி, கீரைச் சாறில் தோய்த்து, என் டப்பா மூடியில் வைத்தாள். தினமும் வைப்பாள். நானும் தினமும் தின்பேன். தின்னும்போதே வயிறு எரியும். எங்கள் முப்பாட்டன் எதைச் சேர்த்தார், யாருக்குக் கொடுத்தார் என்று எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது.

அந்த வருஷம்தான் வேப்பனப்பள்ளிப் பக்கமிருந்து சுரேந்தர் செக்கிங் வேலைக்கு வந்தான். ஒயர்க் கட்டில் தப்பு இருந்தால் கத்தமாட்டான். தப்பின்மேல் விரலை வைத்துவிட்டுச் சும்மா நிற்பான். என் வேலையில் அவன் விரல் வைத்த இடத்தை, அவன் போன பிறகும் நான் பார்த்துக்கொண்டிருப்பேன். ஆனால் அவன் பேசியது நாகம்மாவிடம்.

எல்லோரிடமும் மனே கேட்கிறவள் அவனிடம் மட்டும் கேட்கவில்லை. நானும் கவனித்துக்கொண்டே இருந்தேன். கன்னடத்தில் சிரிக்கச் சிரிக்கப் பேசுவாள். பேச்சு குடும்பத்துப் பக்கம் திரும்பினால் டேப் எடுக்க எழுந்து போய்விடுவாள்.

எங்கள் கம்பெனி பஸ்ஸை ஓட்டும் முனிராஜ் அவளுக்குத் தாய்மாமன். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் சுரேந்தர் வீட்டுக்குச் சம்பந்தம் பேசப் போனார். மறுநாள் மத்திகிரியில் நான் ஏறியபோது நாகம்மா டிரைவருக்குப் பின் சீட்டில் இருந்தாள்.

"சொல்லு மாமா."

"இன்னாத்த சொல்றது. மாப்ள பாக்கப் போனேன், உனுக்கு இன்னொரு அண்ணன பாத்துட்டு வந்தேன். அவங்க தாத்தா காலத்துல தளியிலேர்ந்து போனவங்களாம். ராகிமனே."

"நெசமாவா?"

"காப்பி கூட குடுத்தாங்க. மனே பேர சொன்னதும் டம்ளர கீழ வெச்சிட்டேன்."

பின்னால் யாரோ சிரித்தார்கள். நாகம்மா சீட்டுக் கம்பியைப் பிடித்து முன்னால் குனிந்து, "அவங்க ரத்தமா மாமா, இல்ல துன்ன வந்தவங்களா?" என்றாள்.

முனிராஜ் கண்ணாடியில் அவளைப் பார்த்தார். "அத நீ கேக்கலாமா?" என்று கியரை மாற்றினார்.

எனக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது. கொடுத்துக்கொண்டே இருந்த பெயர் அவளிடமிருந்து ஒன்றைப் பிடுங்கிக்கொண்டது. அன்றைக்கு ஒயர்க் கட்டை நன்றாகப் பிடித்தேன்.

அதன் பிறகு சுரேந்தர் அவள் முகத்தைப் பார்ப்பதைத் தவிர்த்தான். எங்கள் மேசைக்கு வந்தால் பேச்சு என் பக்கம் வந்தது. "உங்க ஊர்ல மழை உண்டா?" என்று ஒருநாள் கேட்டான். "குறைச்சல்தான்" என்றேன். அந்த ஒரு சொல்லை ராத்திரிவரை மனதுக்குள் திருப்பித் திருப்பிச் சொல்லிப் பார்த்தேன். நாகம்மா டேப் சுற்றியபடி எங்களைப் பார்த்தாள். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். அவளை நான் அப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரு மதியம் கேண்டீனில் இடமில்லாமல் சுரேந்தர் எங்கள் எதிரில் உட்கார்ந்தான். நாகம்மா டப்பாவைத் திறந்து களியைச் சரிபாதியாகப் பிய்த்தாள். ஒரு பாதியை என் மூடியில் வைத்தாள்.

"அண்ணா" என்றாள். அவனை அவள் அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. "பாவம், வீராவுக்கு இங்க சொந்தம்னு யாரும் இல்ல. எத்தினி நாளா நம்ம ராகிய துன்னுறா. இவளும் நம்ம மனேதான். உனுக்கு இன்னொரு தங்கச்சி."

சுரேந்தர் சிரித்துக்கொண்டே என்னைப் பார்த்தான். "அப்படியாம்மா?"

நான் ஏங்கின பெயர் மூடியில் இருந்தது. எடுத்துத் தின்றால் போதும், கேட்டிலும் பூக்கடையிலும் எனக்கும் ஆள் உண்டு. சுரேந்தர் என்னைக் கட்டிக்கொள்வான் என்று நான் நம்பியிருக்கவில்லை. ஆனாலும் தங்கச்சி என்று அவன் வாயால் கேட்க என்னால் முடியாது.

மூடியை அவள் பக்கம் தள்ளினேன்.

"எனக்கு ராகி ஒத்துக்காதுக்கா. நாங்க சோறு திங்கிற ஆளுக."

"இத்தினி நாளா துன்னது?"

"அது சும்மா, ருசி பாத்தேன்."

நாகம்மா என்னையே பார்த்தாள். பிறகு அந்தப் பாதியையும் எடுத்து, சாறில் தோய்க்காமல் தானே தின்றாள். சுரேந்தர் சாம்பார் சாதத்தில் மிளகாயைப் பொறுக்கிக்கொண்டிருந்தான்.

தை மாதம் அவளுக்கு வேறு மனேயில் மாப்பிள்ளை அமைந்தது. கல்யாணத்தன்று அண்ணன் முறைச் சீர்த்தட்டைச் சுரேந்தர் தூக்கிவந்தான். அவனுக்குப் பின்னால் செக்யூரிட்டி, பூக்காரி, இன்னும் எத்தனையோ ராகிமனேக்காரர்கள். கறி விருந்தில் இலைக்கு ஒரு களி உருண்டை வைத்துக்கொண்டே வந்தார்கள். மணப்பெண் தூரத்திலிருந்து என் இலையைப் பார்த்தாள்.

நான் சோறு கேட்டேன்.