குதிகால் தரையில் படும்வரை

வெள்ளத்தாய் ராஜபாளையத்திலிருந்து பழக்கூடையோடு முதல் பஸ் ஏறி, ஸ்ரீவில்லிபுத்தூர்த் தெருக்களில் விற்றுவிட்டுத் திரும்புகிறவள். லேசில் கலங்கமாட்டாள். அவளையே எண்பத்தேழாம் வருசம் ஐப்பசியில் மதுரை எலும்பு டாக்டரின் ஒரு வார்த்தை தூங்கவிடாமல் செய்துவிட்டது. அவள் மகள் அழகுத்தாய்க்கு ஐந்து வயது. நடக்கத் தொடங்கிய நாள் முதல் கால்நுனியில்தான் நடை; குதிகால் தரையைத் தொட்டதில்லை. சித்திரைக்குள் இறங்காவிட்டால் நரம்பை வெட்டி மாவுக்கட்டுப் போடவேண்டும் என்றார் டாக்டர்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் கோர்ட்டு ஆபீசர் வீட்டம்மா ஜயலக்ஷ்மி, பம்பாயில் வளர்ந்தவர். பாலே என்னும் வெள்ளைக்கார நடனத்தைச் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார். கொய்யாப்பழம் போடப் போன வெள்ளத்தாய் கூடத்துச் சுவரில் ஒரு படத்தைக் கண்டாள். ஒருத்தி கால்நுனியில் நின்றுகொண்டிருந்தாள்.

"இதுக்கா ஒரு கிளாசு? எம் மக பொறக்கையிலயே இதப் படிச்சிட்டு வந்துட்டா. கூட்டியாரேன், பாருங்க."

ஊரே கொக்கு என்று சிரித்த கால் இங்கே மெச்சப்படும் என்று நம்பித்தான் கூட்டிப்போனாள். ஜயலக்ஷ்மி பாதத்தைப் பிடித்துப் பார்த்தார்.

"நுனியில நிக்கறதெல்லாம் பெரியவளானப்பறம். இந்த வயசுல குதிகாலத் தரையில வச்சு முழங்காலை மடக்கத்தான் கத்துத் தருவேன். இவளுக்கு வராதது அதுதான்."

"அப்ப வேண்டாங்கியளா?"

"டாக்டரைக் கேட்டுட்டு வா."

டாக்டர் தடுக்கவில்லை. ஆனால் சித்திரைக் கெடுவையும் தளர்த்தவில்லை.

மில் வேலை முடிந்து வந்த புருசன் ரத்தினத்துக்கு இது பிடிக்கவே இல்லை. "ஏட்டி, ஆட்டம் ஆடியா காலு நேராகும்? கத்தி வச்சா முடியுத காரியம்."

"வெட்டுன நரம்பு சேரலேன்னா ஒங்க மில்லுல முடிச்சுப் போட்டுத் தருவாகளா?"

"டாக்டரு வெட்டத்தான படிச்சிருக்காரு."

"சித்திரைவரைக்கும் என் பொறுப்பு. எறங்கலேன்னா நானே தூக்கிட்டுப் போயி படுக்க வைக்கேன்."

சொல்லிவிட்டாளே தவிர, வகுப்பு நடக்கும்போது வாசலில் முந்தானையைக் கடித்துக்கொண்டு நிற்பாள். பிள்ளை முழங்காலை மடக்கினால் பின்னால் சாய்ந்து பொத்தென்று விழும். மற்றப் பிள்ளைகள் சிரிக்கும். இவள் பிள்ளை ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி அழும். பாவாடையை இழுத்துப் பாதத்தை மூடிக்கொள்ளும். கார்த்திகை போனது, மார்கழியும் போனது, குதிகால் இறங்கவில்லை.

மாசியில், யாரும் தூக்கிவிடும் முன்பே அழகுத்தாய் எழுந்து நிற்கத் தொடங்கினாள். விழுந்தால் அவளே முதலில் சிரித்தாள். தெருவில் கொக்கு என்றவனைத் துரத்திக்கொண்டும் ஓடினாள். ஓடியது என்னவோ கால்நுனியில்தான்.

சித்திரை வந்தது. டாக்டர் அவளைச் சிமெண்டுத் தரையில் நிற்கவைத்து, குதிகாலுக்கு அடியில் ஒரு காகிதத்தைச் செருகி இழுத்தார். வலது காலில் காகிதம் அசையவில்லை. இடது காலில் வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது.

"எடது காலுக்கு மட்டும் பண்ணிரலாம்."

ரத்தினம் சரியென்று தலையை ஆட்டினான். வெள்ளத்தாய் சொன்ன சொல்லுக்குப் பிள்ளையைத் தூக்கக் குனிந்தாள்.

"செத்த இருங்க, இன்னொரு தடவ இழுங்க" என்றாள் பிள்ளை.

டாக்டர் மறுபடி காகிதத்தைச் செருகினார். அவள் முழங்காலை மெல்ல மடக்கினாள். உதட்டுக்கு மேல் வேர்த்தது. கால் நடுங்க நடுங்கக் குதிகால் இறங்கியது. டாக்டர் இழுத்தார். காகிதம் பாதியில் கிழிந்தது.

அவர் கிழிந்த துண்டைக் கீழே போட்டார். "ஆவணியில கொண்டாங்க. நேரா நிக்கயிலயும் எறங்கணும். இல்லேன்னா அப்ப பேச்சே கிடையாது."

மதுரையிலிருந்து திரும்பும் பஸ் ஸ்ரீவில்லிபுத்தூரில், ஜயலக்ஷ்மி வீட்டுத் தெருமுனையில் நின்றது. வெள்ளத்தாய் அசையவில்லை, அசதி. ரத்தினம் பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு எழுந்தான்.

"எறங்குட்டி. ஆவணிக்கு எம்புட்டு நாளு கெடக்குன்னு ஒக்காந்திருக்க?"