பைக்குக்கு நான் ஊற்றிய கார் ஆயில்

போன செவ்வாய்க்கிழமை காலை, ஹைதராபாத்தின் கச்சிபௌலி மேம்பால ஏற்றத்தில் என் பைக் அலறியது. ஆனால் நகரவில்லை.

பின்சீட்டில் என் மகள் காயத்ரி. மெக்கானிக்கல் எஞ்சினியரிங் முடித்தவள். எஞ்சின் டிசைன் செய்யும் ஒரு கம்பெனியில் அன்றைக்கு இன்டர்வியூ. கேப் புக் பண்ணுகிறேன் என்றவளை, நக்கோ, கேப் வேண்டாம், டிராஃபிக்கில் மாட்டிக்கொள்வாய் என்று தடுத்து, பைக்கில் ஏற்றியவன் நான்தான்.

பைக்கைக் கெடுத்தவனும் நான்தான்!

முந்தைய ஞாயிறு காருக்கு ஆயில் மாற்றியபோது கொஞ்சம் மீந்தது. உசத்தியான ரகம். டப்பாவில் இருந்ததை ரசித்துப் படித்தேன். வெறும் எண்ணெயில் என்னென்னவோ சேர்க்கிறார்கள்... அழுக்கு படியாமல் பார்த்துக்கொள்ள ஒன்று, தேய்மானத்தைத் தடுக்க ஒன்று, உராய்வைக் குறைத்துப் பெட்ரோலை மிச்சம் பிடிக்க இன்னொன்று. இத்தனை சத்தும் காருக்கே போனால் எப்படி? பைக்கின் பழைய ஆயிலை வடித்துவிட்டு இதை ஊற்றினேன்.

மறுநாளே சத்தம் கூடி, வேகம் குறைந்தது. வண்டிக்கு வீரியம் வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

மேம்பாலத்தில் நான் ஆக்ஸிலரேட்டரை முறுக்க முறுக்க, உடற்பயிற்சிக்காக சைக்கிள் மிதிக்கும் ஒருவர் எங்களைத் தாண்டிப் போனார்.

"முறுக்காதீங்கப்பா. கிளச் ஸ்லிப் ஆகுது. என்ன ஆயில் போட்டீங்க?"

சொன்னேன். ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று தெலுங்கில் கேட்டாள். கோபம் வந்தால் அவளுக்குத் தெலுங்குதான் வரும். பைக் டாக்ஸி ஒன்றை வரவழைத்து, திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாள்.

வண்டியைத் தள்ளிக்கொண்டு இறங்கினேன். நேரத்துக்குப் போய்ச் சேர்வாளா? வேலை கிடைக்காமல் போனால் அவள் அம்மாவிடம் என்ன சொல்வது? இரண்டாவது கேள்விதான் அதிகம் வியர்க்க வைத்தது.

சாயங்காலம் சிரித்துக்கொண்டே வந்தாள். கொஞ்சம் லேட்டாம். காரணம் கேட்டார்கள், உள்ளதைச் சொல்லியிருக்கிறாள். பாதி இன்டர்வியூ அதிலேயே ஓடியிருக்கிறது. பைக்கில் கிளச் தட்டுகள் எஞ்சின் ஆயிலிலேயே ஊறுகின்றன. ஒன்றையொன்று இறுகப் பிடிக்க அவற்றுக்கு உராய்வு வேண்டும். நான் ஊற்றியதோ உராய்வைக் குறைக்கும் சரக்கு. பிடி வழுக்கிவிட்டது. பைக்குக்கென்று தனிக் கலவையில் ஆயில் விற்பதே இதனால்தானாம்.

நல்லது என்று கேள்விப்பட்டதையெல்லாம் கண்ட இடத்தில் ஊற்றுகிற ஆசாமி நான் ஒருவன்தானா என்ன?

வேலை உறுதி என்று அங்கேயே சொல்லிவிட்டார்கள்.

"அப்பா என்ன பண்றார்னு கேட்டாங்க," என்றாள்.

என்ன சொன்னாய் என்றேன், கொஞ்சம் பெருமையாகவே.

"வாரா வாரம் பத்திரிகையில எல்லாருக்கும் அட்வைஸ் எழுதுவார்னு சொன்னேன். அப்பதான் ரொம்ப சிரிச்சாங்க."