தம் பிரிக்காமல் சொன்ன தீர்ப்பு

போன புதன்கிழமை எனக்கு பிரஷர் எகிறிவிட்டது. பயப்படாதீர்கள்... சந்தோஷத்தில்தான்!

எங்கள் திண்டுக்கல்காரர்களுக்கு ஷகிலா அக்காவை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். நாகல் நகர்க்காரர். பிரியாணிக் கடை கடையாகப் போய் ருசி சொல்லி ரீல்ஸ் போடுபவர். அவர் ‘உப்பு கம்மி’ என்றுவிட்டால், அன்று மாலை அந்தக் கடைக்காரர் ஈ ஓட்ட வேண்டியதுதான். சமீபமாக அக்கா பிரியாணியிலிருந்து அரசாங்கத்துக்குத் தாவிவிட்டார். ரோடு, தெருவிளக்கு, ரேஷன் கடை... எல்லாவற்றுக்கும் அதே பாணியில் தீர்ப்பு.

அப்படித்தான் ஒருநாள் எங்கள் பின்தெருவில் இருக்கும் சின்ன அரசு சுகாதார நிலையத்தின் முன்னால் வந்து நின்றார். கதவு பூட்டியிருந்தது. செல்போனை உயர்த்தினார்.

“பாருங்க மக்களே, பட்டப்பகல்ல பூட்டு. உப்புமில்ல, காரமுமில்ல.”

அவ்வளவுதான். டீக்கடையில், பஸ்ஸில், தெரு வாட்ஸ்அப் குரூப்பில் — ‘கவர்மென்ட்டே இப்படித்தான்’ என்று ஒரே பேச்சு. அங்கே ஒருமுறைகூட எட்டிப் பார்க்காதவர்கள்தான் அதிகம் கொதித்தார்கள்.

அவர்களில் முதல் ஆள் என் மனைவி. சர்க்கரை மாத்திரையை அங்கேயே வாங்கலாமே என்று மாதக்கணக்கில் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அக்காவின் ரீல்ஸைக் காட்டி என் வாயை அடைத்துவிட்டாள்.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. புதன்கிழமைதோறும் அங்கே தடுப்பூசி நாள். ரீல்ஸ் வந்த அடுத்த புதனன்று, வழக்கமாகக் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வரும் அம்மாக்களில் பாதிப் பேர் வரவில்லை. நர்ஸ் மலர்விழி வீடு வீடாகப் போய்க் கூப்பிட்டும், பூட்டிக் கிடக்கிற இடத்துக்கு எதற்கு என்று திருப்பி அனுப்பினார்களாம். ஊசி தள்ளிப்போன குழந்தைக்கு ஏதாவது ஒன்று என்றால் யார் பொறுப்பு? ரீல்ஸா?

மலர்விழி சண்டைக்குப் போகவில்லை. நேராக அக்கா வீட்டுக்குப் போனார். அன்று பூட்டிவிட்டுப் போனது, புதிதாகப் பிரசவமான ஒரு பெண்ணை வீட்டில் பார்ப்பதற்காக என்று சொன்னார். ஒரு புதன்கிழமை வந்து உட்கார்ந்து பார்க்கும்படி மட்டும் கேட்டுவிட்டுத் திரும்பினார்.

போன புதன்கிழமை அக்கா வந்தார்! பிரஷர் மாத்திரை வாங்கப் போன நான் கண்ணால் பார்த்தேன். காலை முழுக்க பெஞ்சில் இருந்தார். ஒரு குழந்தை அவர் மடியில் உட்கார்ந்துதான் ஊசி போட்டுக்கொண்டு வீறிட்டது. அப்புறம் லைவ் போனார். எனக்குப் படபடப்பு — மழுப்பிவிடுவாரோ?

“மக்களே, தம் பிரிக்கிறதுக்கு முன்னாடியே சோறு வேகலைன்னு சொல்லிட்டேன். அது ஏந் தப்பு. இந்தப் பொண்ணு அம்புட்டு வேலை பாக்குது. மாத்திரையும் இருக்கு. புள்ளைகளத் தூக்கிட்டு வாங்க. அதுக்காக, ஃபேன் ஓடலைங்கறதச் சொல்லாம விட மாட்டேன்.”

என்னையறியாமல் கைதட்டிவிட்டேன். அத்தனை பேர் பார்க்க, தன் தப்பைத் தானே சொல்வது சின்ன விஷயமா? அரசாங்கத்தைக் கேள்வி கேட்க இப்படி ஆட்கள் வேண்டும்தான். ஆனால் ருசி பார்க்கும் வேலையையே நாம் மொத்தமாக அவர்கள் நாக்கிடம் ஒப்படைத்துவிட்டோமே... அதுதான் இடிக்கிறது.

இதையே யோசித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தால், மனைவி செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறாள். எங்கே கிளம்பிவிட்டாய் என்றேன்.

“பின்தெருவுக்குத்தான், சர்க்கரை மாத்திரை வாங்க. அக்காவே சொல்லிருச்சுல்ல.”

வாரா வாரம் பத்தி எழுதுகிறேன்... சொந்த வீட்டில் ஒரு ஃபாலோயர் இல்லை!