கொழுந்து லொறிக்குக் கிடைத்த டீசல்

என் மனைவிக்குச் சின்ன வயதிலிருந்தே வலிப்பு உண்டு. காலையும் மாலையும் மாத்திரை போட்டால் வராது. கல்யாணமாகி ஒன்பது வருடத்தில் ஒரு தடவைகூட வந்ததில்லை. இலங்கை மலையகத்தில், மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்தில் அவள் கொழுந்து பறித்தாள். நான் அதே தோட்டத்து ஃபக்டரியில் தேயிலையை ஏற்றுமதிக்கு மூட்டை கட்டினேன்.

நாட்டில் டொலர் தீர்ந்துபோன அந்த வருடம், கிளினிக்கில் மாத்திரை இல்லை, வெளியில் வாங்கிக்கொள் என்று துண்டுச்சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். டீசல் இல்லாமல் பஸ் ஓடவில்லை. பாதி தூரம் நடந்தும் மீதி தூரம் மரக்கறி லொறியில் தொற்றியும் பதுளை டவுனுக்குப் போனேன். ஐந்து மருந்துக்கடை ஏறி இறங்கினேன். கடைசிக் கடை முதலாளி மருந்து அலுமாரியின் வெறும் தட்டைக் காட்டினார்.

"கப்பல்காரன் டொலர் கேக்குறான் தம்பி. நம்ம ரூபாயத் தொடமாட்டேங்கிறான். நான் என்ன செய்ய?"

வீட்டுக்கு வந்து சொன்னதும் அவள் மிச்சமிருந்த மாத்திரைகளை எடுத்து எண்ணினாள்.

"நாம பறிக்கிற தேயிலைய டொலருக்குத்தானேங்க விக்கிறாங்க?"

"ஆமா."

"அப்ப அந்த டொலர் எங்கங்க போச்சு?"

எங்கோ ஒரு நாட்டில் அச்சடிக்கிற நோட்டு, நாங்கள் இருவரும் கையில் தொட்டே பார்க்காதது, அவளுக்கும் மாத்திரைக்கும் நடுவில் நின்றது.

மிச்சமிருந்ததை அரை அரையாக உடைத்துப் போட்டாள். அதுவும் முடிந்த நாலாம் நாள் காலை, "வேலைக்குப் போகாத புள்ள" என்று கெஞ்சினேன்.

"அரிசி விக்கிற வெலைக்கு வீட்டுல உக்காந்திருக்க முடியுமாங்க?" என்று கூடையை மாட்டிக்கொண்டு போனாள்.

பத்து மணிக்கு ஃபக்டரிக்கு ஆள் ஓடி வந்தது. வலிப்பு வந்து அவள் சரிவில் விழுந்து, கல்லில் தலை அடிபட்டிருந்தது. நான் போனபோதும் உடம்பு வெட்டி வெட்டி இழுத்தது. தோட்டத்து அம்புலன்ஸில் டீசல் இல்லை. ஓட்டோக்காரர்கள் கையை விரித்தார்கள். டீசல் இருந்தது கொழுந்து லொறியில் மட்டும்தான். தேயிலை டொலர் கொண்டுவரும் என்று அதற்கு மட்டும் கொடுத்திருந்தார்கள்.

டிரைவரின் காலைப் பிடித்தேன். "அண்ணே, கொண்டுபோய்ச் சேத்துருங்கண்ணே."

அவர் ஃபக்டரிப் பக்கம் ஒருமுறை பார்த்தார். "ஏத்து. தோட்டத்துத் தொர கேட்டா நான் சொல்லிக்கிறேன்."

கொழுந்துச் சாக்குகளின் மேல் கிடத்தி, தலையை மடியில் வைத்துக்கொண்டேன். ஒவ்வொரு பள்ளத்திலும் தலை துள்ளியது. "கண்ணத் தொற புள்ள, கண்ணத் தொற" என்று பதுளை ஆஸ்பத்திரி வரை கத்திக்கொண்டே போனேன். அவள் திறக்கவில்லை.

மூன்றாம் நாள் கண் விழித்தாள். வலது கை மட்டும் விளங்காமல் போனது. ஆறு வாரம் கழித்து மாத்திரை கடைக்கு வந்தது, மூன்று மடங்கு விலையில். இப்போது தவறாமல் போடுகிறாள். இடது கையால் சோறு அள்ளப் பழகிவிட்டாள். கொண்டை போட மட்டும் என்னைக் கூப்பிடுகிறாள். எனக்கு இன்னும் அது சரியாக வரவில்லை.