அத்தை பெயரில் வந்த மாத்திரை

எண்பதுகளின் நடுவில் மஞ்சக்குட்டைப் பக்கத்துக் காப்பி எஸ்டேட் ஒன்றில், பத்து வீடுகள் வரிசையாக ஒட்டிக் கட்டிய லைனில் நாங்கள் குடியிருந்தோம். ஒரு வீட்டில் இருமினால் மூன்றாவது வீட்டில் இருப்பவர்கள் இருமியது யார் என்று சரியாகச் சொல்லிவிடுவார்கள். ஆகவே அத்தைக்கு இருமல் என்பது லைன் முழுவதற்கும் தெரிந்த சங்கதி.

அத்தை, அப்பாவின் அக்கா. அவர் கணவர் காசநோயில் இறந்த பிறகு எங்களோடு வந்துவிட்டார். பகலில் காப்பிப் பழம் பறிப்பார். மாலையில் அடுப்புப் புகைக்குள் உட்கார்ந்து எல்லோருக்கும் சமைப்பார், இருமுவார். தனக்கும் கணவரின் நோய்தான் என்று அவரே முடிவு செய்து வைத்திருந்தார். டாக்டரிடம் கேட்டு அதை உறுதி செய்துகொள்ளும் எண்ணம் மட்டும் அவருக்கு இல்லை.

அந்த மார்கழியில் ஏற்காடு டவுனில் ஒரு பள்ளியில் அவருக்கு ஆயா வேலை ஏறக்குறைய முடிவாகியிருந்தது. தங்குவதற்கு ஓர் அறை, அறைக்குள்ளேயே தண்ணீர்க் குழாய், கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள். அத்தை அதிகம் பேசியது தாழ்ப்பாளைப் பற்றித்தான். எங்கள் வீட்டுக் கதவுக்கு ஒரு செங்கல்தான் தாழ்ப்பாள். வேலையில் சேர ஆஸ்பத்திரியிலிருந்து உடல்நலச் சான்று வேண்டும் என்றார்கள். ஆஸ்பத்திரியில் மூடி போட்ட சிறு டப்பா ஒன்றைக் கொடுத்து, காலைச் சளியை எடுத்துவரச் சொன்னார்கள்.

மறுநாள் காலை அத்தை என்னைக் குழாயடிக்குப் பின்னால் கூட்டிப்போனார். எனக்குப் பதினோரு வயது. தீபாவளியிலிருந்தே எனக்கும் இருமல் இருந்தது. ஆனால் பெரியவர்களின் இருமல்தான் லைனில் செய்தி. பிள்ளைகளின் இருமல் பனிக்காலத்தில் சேர்ந்தது.

“நல்லாக் காறி இதுல துப்பு சாமி. ஆருகிட்டயும் சொல்லிப்போடாத.”

அந்த நோய் பெரியவர்களுக்கு வருவது, அதிலும் குடிக்கிற ஆண்களுக்கு வருவது, பிள்ளைகளை அது தொடாது என்பது லைனில் எல்லோரும் நம்பியது. அத்தையும் நம்பினார். நான் துப்பினேன். என்னிடமிருந்து ஒரு பொருளைப் பெரியவர் ஒருவர் கேட்டு வாங்கியது அதுவே முதல்முறை என்பதால் எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

ஒரு வாரம் கழித்து டவுனுக்குப் போன அத்தை, கையில் ஒரு மாத்திரைப் பொட்டலத்தோடும் ஓர் ஆஸ்பத்திரி அட்டையோடும் திரும்பி வந்தார். வீட்டுக்குள் வராமல் குழாயடிக் கல்லில் உட்கார்ந்தார். அம்மா அங்கே போனார். இருவரும் பேசிக்கொண்டே இருந்தார்கள். குடம் நிரம்பி வழிந்து, தண்ணீர் சாக்கடையில் ஓடியது. ஒரு சொம்புத் தண்ணீர் சிந்தினாலே சண்டைக்குப் போகிறவர் அம்மா. அன்று குழாயை மூடவில்லை.

உள்ளே வந்த அம்மா முதலில் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். பிறகு அத்தையின் தட்டையும் டம்ளரையும் எடுத்து வெளிமாடத்தில் தனியாக வைத்தார். அடுத்து என் தட்டையும் எடுத்து அதன் பக்கத்தில் வைத்தார். தம்பிப் பாப்பாவோடு படுத்துக்கொண்டிருந்த என்னை, அன்று முதல் சமையல் பக்கம் அத்தையோடு படுக்கச் சொன்னார். நான் அழுதேன். என்ன தப்புச் செய்தேன் என்று கேட்டேன். அம்மா என் பாயைச் சுருட்டிக் கொண்டுபோய் அங்கே போட்டார்.

அத்தைக்கு அந்த நோய்தான் என்பதும், அதனால் ஆயா வேலை இல்லை என்பதும் சாயங்காலத்துக்குள் லைனுக்குத் தெரிந்துவிட்டது. அத்தை குடத்தோடு வந்தால் மற்றப் பெண்கள் ஒதுங்கினார்கள். பக்கத்து வீட்டுக்காரம்மா ஒருநாள் எல்லோருக்கும் கேட்கும்படியே கேட்டார்.

“ஏனுங்க, சீக்காளிகிட்டப் போயி புள்ளையப் படுக்க உடறீங்களே, நல்லாவா இருக்குது?”

“அத்தைய உட்டுட்டு இருக்க மாட்டீங்கறாளுங்க” என்றார் அம்மா.

அம்மா பொய் சொல்லி நான் கேட்டது அதற்கு முன் இல்லை. அதையும் என் எதிரிலேயே, என்னைப் பற்றியே சொன்னார்.

தினமும் பள்ளிக்குக் கிளம்புமுன் அத்தை என்னை அடுப்பருகில் நிறுத்தி மாத்திரைகளை விழுங்கவைப்பார். அவற்றில் ஒன்று சிவப்பாக இருக்கும்.

“காயலா உங்களுக்குத்தானுங்க அத்தை? நான் எதுக்குத் திங்கோணும்?”

“நீதான கண்ணு துப்புன? துப்புனவதான் திங்கோணும்.”

இந்த விளக்கம் எனக்குப் போதுமானதாக இருந்தது. முந்தின வருடம் தம்பிக்குக் காய்ச்சல் வந்தபோது அம்மா வேண்டிக்கொண்டு சேர்வராயன் கோயிலுக்குச் செருப்பில்லாமல் நடந்தார். கொப்புளம் வந்தது அம்மா காலில். காய்ச்சல் விட்டது தம்பிக்கு. அதுபோல அத்தையின் நோய்க்கு மாத்திரை தின்ன நேர்ந்துவிடப்பட்டவள் நான் என்று எடுத்துக்கொண்டேன். சிறுநீர் செம்மஞ்சளாகப் போனபோது முதலில் பயந்தேன். பிறகு, அத்தையின் நோய் என் வழியாக வெளியேறுகிறது என்று கணித்தேன்.

முதல் வாரம் முழுக்க வாந்தி. அத்தை என்னைப் பஸ்ஸில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். அங்கே இருந்த நர்ஸ் அட்டையைப் பார்த்தார், அத்தையைப் பார்த்தார், என்னை வெகுநேரம் பார்த்தார்.

“அட்டையில ஆரு பேருங்க?”

“என்ற பேருதானுங்க.”

“திங்கறது?”

அத்தை என் தோளைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். நர்ஸ் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு, என்னை எடைக்கருவியில் ஏற்றினார். அட்டையில் ஏதோ திருத்தி எழுதினார். அடுத்த பொட்டலத்தில் மாத்திரை குறைந்திருந்தது. அத்தையின் மாத்திரைக்கு என் எடை எதற்கு என்று எனக்கு விளங்கவில்லை.

“அட்டை நொம்ப ஒல்லியா இருக்குது” என்றார் நர்ஸ். “தெனம் ஒரு முட்டை குடுங்க. மாசாமாசம் அட்டையக் கையப் புடிச்சுக் கூட்டியாங்க.”

அட்டை எப்படி முட்டை தின்னும் என்று பஸ்ஸில் வரும் வழியெல்லாம் யோசித்தேன். முட்டை எனக்குத்தான் வந்தது.

நோய் என்னுடையது. டப்பாவில் போனது என் சளி; பிறகு எழுதப்பட்டதெல்லாம் அத்தையின் பெயரில். “அது என்னுடையது இல்லை, என்னைச் சோதித்துப் பாருங்கள்” என்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தாழ்ப்பாள் போட்ட அறை அவருக்குக் கிடைத்திருக்கலாம். ஆனால் அடுத்ததாக, அப்படியானால் யாருடையது என்று கேட்பார்கள். எஸ்டேட் பள்ளி ஐந்தாம் வகுப்போடு முடிந்துவிடும். டவுனில் ஒரு பெண்கள் ஹாஸ்டலில் ஜூன் மாதத்திலிருந்து எனக்கு இடம் சொல்லியிருந்தார்கள். எங்கள் லைனிலிருந்து ஆறாம் வகுப்புக்குப் போக இருந்த முதல் பெண் நான். நோய்க்காரப் பிள்ளைக்கு அந்த இடத்தை வைத்திருக்க மாட்டார்கள் என்று அத்தைக்கும் அம்மாவுக்கும் குழாயடியிலேயே தெரிந்திருக்கிறது. எனக்குத் தெரியப் பல வருடங்களாயின.

மாசிக்குள் என் இருமல் நின்றது. கன்னத்தில் சதை வைத்தது. அத்தையின் இருமல் மட்டும் அப்படியே இருந்தது. அது எனக்குப் பெரிய குற்ற உணர்ச்சியைத் தந்தது. முதல் வாரம் வாந்தியெடுத்ததால்தான் அத்தைக்குக் குணமாகவில்லை என்று நினைத்தேன். கடைசி முறையும் நானே டப்பாவில் துப்பினேன். சுத்தமாகிவிட்டது என்றார் நர்ஸ். அத்தை அவர் கைகளைப் பிடித்துக்கொண்டு அழுதார், நடுவில் இருமினார்.

“இன்னும் இருமறீங்களே அத்தை?” என்றேன்.

“அது அடுப்புப் பொகை கண்ணு.”

ஜூனில் மழை பிடித்துக்கொண்டது. அம்மாவால் பாப்பாவை விட்டு வரமுடியாததால் ஹாஸ்டலில் சேர்க்க அத்தைதான் வந்தார். என் தட்டைத் தேய்த்துப் பளபளவென்று ஆக்கி, துணிப்பைக்குள் வைத்திருந்தார். வார்டன் ஒரு படிவத்தை வைத்துக்கொண்டு என்னைக் கேள்வி கேட்டு எழுதினார்.

எனக்குப் பெரிய நோய் ஏதாவது வந்ததுண்டா என்று கேட்டார். இல்லைங்க என்றேன். வீட்டில் யாருக்காவது காசநோய் உண்டா என்று கேட்டார். பள்ளிக்கூடத்தில் உண்மையைத்தான் சொல்ல வேண்டும் என்று படித்திருந்தேன்.

“எங்க அத்தைக்குங்க” என்று பக்கத்தில் நின்றவரைக் காட்டினேன். “நான்தானுங்க மாத்திரை தின்னேன்” என்று சேர்த்துச் சொல்ல வாயெடுத்தேன்.

“ஆமாங்க, எனக்குத்தானுங்க” என்று அத்தை முந்திக்கொண்டார். “இப்ப சுத்தமாயிருச்சுங்க.”

வார்டன் முந்தானையை மூக்கருகில் கொண்டுபோய், அவரைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொன்னார். அத்தை வாசலுக்கு வெளியே, கூரைத் தண்ணீர் விழும் இடத்தில் போய் நின்றார். அங்கிருந்து என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். நான் சரியான பதில் சொன்னதற்காகத்தான் ஆட்டுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.