ஈனுகிற வெளி

தலைப்பிள்ளையைத் தாய்வீட்டில் பெறுவது எங்கள் வழக்கம். அதனால் பலெர்மோவில் பிள்ளைக்கு ஒரு சட்டைகூட வாங்காமல், இத்தாலியில் தங்கும் அனுமதி அட்டையான பெர்மெஸ்ஸோ புதுப்பித்து வந்ததும் யாழ்ப்பாணம் போய்விடலாமென்று பெட்டி கட்டிவைத்திருந்தேன். அது வந்தபோது, இந்த வயிற்றோடு ஏற்ற மாட்டோம் என்றார்கள் விமானக்காரர்கள்.

“அங்கை உன்னை ஆர் பிள்ளை பார்க்கிறது?” என்று அம்மா போனில் அழுதாள்.

“நான் வாறன் அம்மா,” என்றேன். எப்படி என்று எனக்கே தெரியவில்லை.

மறுநாள் லிபெர்த்தா தெருவில் நான் வேலைசெய்யும் வீட்டில், நான் பராமரிக்கும் வயதான சிஞ்ஞோராவுக்குச் சூப் ஊட்டிக்கொண்டிருந்தேன். டிவியில் வடதுருவப் பனிநாட்டுக் கரிபு மான்கள். ஓநாய்கள் குறைந்த ஒரு வெளியைத் தேடிப்பிடித்து, சினைமான்கள் வருடாவருடம் அங்கேயே ஈனப் போகின்றனவாம். பிந்திப்போன ஒன்று வழியில், பனியிலேயே ஈன்றுவிட்டது. அப்படியும் அந்த வெளிக்குப் போகாமல் அதற்கு ஆறவில்லை. குட்டியின் கால் உறுதிப்படுமுன்னே மறுபடி நடக்கத் தொடங்கியது. முன்னால் பனி உருகிப் பாயும் ஆறு.

“அடி விசரி, இஞ்சையே நில்லடி!” என்று கத்தினேன். கரண்டி கீழே விழுந்தது. சிஞ்ஞோரா பயந்துபோய் என் கையைப் பிடித்தாள்.

மான் ஆற்றில் இறங்கியது. குட்டி கரையிலேயே நின்றது.